மனு போடாமல் பார்த்த ஜெயில்

அந்தமானுக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது என் நினைப்பில் இருந்தது மணல் மட்டும்தான். திருவொற்றியூரில் கடலரிப்புக்குப் பயந்து கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கும் கரையைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அங்கே காலை நனைக்க வேண்டுமென்றால் பாறை மேல் பல்லி மாதிரி ஊர்ந்து இறங்க வேண்டும். எனக்கு வேண்டியது வெள்ளை மணல், தண்ணீருக்கடியில் தெரியும் மீன், வேலை எதுவும் இல்லாத ஒரு வாரம். ராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் ஏற்றுமதி ஆபீசில் எடுக்காமல் விட்டிருந்த லீவு அதற்கும், கப்பலில் போய்வரும் நாளுக்கும் போதும். கப்பல் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது என்று என் கணவர் கழன்றுகொண்டார். அக்காவைக் கூப்பிட்டேன்.

அவள் மணலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அங்க ஒரு ஜெயிலு கீதாமே பாப்பா. டிக்கெட் வாங்கினா உள்ள வுடுறாங்களாமே. ரூமு வரைக்கும் போய்ப் பாக்கலாமாமே, மெய்யா?"

எனக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவளுக்கு நான் இன்னும் பாப்பாதான். "ஆமாக்கா, வெள்ளக்காரன் காலத்து ஜெயிலு. இப்ப மியூசியம். எங்கெங்கேர்ந்தோ வந்து பாக்குறாங்க" என்றேன்.

"அப்ப நா வரேன்" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அக்கா வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். மணலியில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன். அவன் பத்தொன்பது வயதில், ஏதோ ஒரு கோஷ்டிச் சண்டையில் பெயர் சேர்ந்து ஜெயிலுக்குப் போனான். கேஸ் நடந்து முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கடைசியில் அவன் அந்த இடத்திலேயே இல்லை என்று கோர்ட்டு விடுதலை செய்துவிட்டது. இப்போது சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் டிரெய்லர் ஓட்டுகிறான். நல்ல பிள்ளை. சித்தி சித்தி என்று என் பையைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு வருவான். கேரம் ஆடினால் என்னை ஒரு ஆட்டமாவது ஜெயிக்க விடுவான். அந்த ஒரு வருடத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டான். நான் ஒருமுறை கேட்டதற்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஜெயிலில் இருப்பவரைப் பார்ப்பதற்கு எழுதிக் கொடுப்பது மனு. எங்கள் பக்கத்தில் அந்தக் காகிதத்தின் பெயரே பார்க்கப் போவதற்கும் பெயராகிவிட்டது. 'மனு பாக்கப் போயிருக்கா' என்று சொன்னால் குடியிருப்பில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். வருவதற்குள் பால் வாங்கி வைக்கட்டுமா என்று மட்டும் கேட்பார்கள்.

அந்த ஒரு வருடத்தில் அக்கா ஒரு மனு நாளைக்கூட விட்டதில்லை. நானும் பலமுறை கூடப் போயிருக்கிறேன். விடியற்காலையில் எழுந்து கேன்டீன் வேலையை இன்னொருத்தியிடம் மாற்றிவிட்டு, ரெண்டு பஸ் மாறிப் போய், வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். கையில் ஒரு துணிப்பை. அதில் பிஸ்கட் பாக்கெட், பன், வாழைப்பழம். கொண்டைக்கு ஊசி குத்த மாட்டாள், புடவைக்குப் பின் குத்த மாட்டாள். சோதனையில் அதையெல்லாம் கழற்றச் சொல்லி நேரம் போகும், அந்த நேரம் மகனைப் பார்க்கும் நேரத்தில் கழியும் என்பது அவள் கணக்கு. போனைக் கொண்டுவரவே மாட்டாள். உள்ளே ஒரு கம்பி வலை, கொஞ்சம் இடம் விட்டு இன்னொரு கம்பி வலை. இந்தப் பக்கம் இத்தனை பேர், அந்தப் பக்கம் இத்தனை பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அத்தனை கத்தலிலும் அவன் குரல் அவளுக்குக் கேட்கும். பக்கத்தில் நிற்கும் எனக்குக் கேட்காது.

என் அக்கா பெரிய படிப்பு படித்தவள் இல்லை. ஆனால் அந்த வரிசைக்கு அவள்தான் ராணி. முதல்முறை வந்து அழுதுகொண்டு நிற்கும் சின்னப் பெண்களைப் பிடித்து மூக்கைத் துடைத்துவிடுவாள். "அழுதுகினு உள்ள போவாத கண்ணு. உம் மூஞ்சிய வெச்சிகினுதான் அவன் அடுத்த மனு வரைக்கும் ஓட்டணும்" என்பாள். பவுடர் பூசிவிடுவாள். அதற்கென்றே இடுப்பில் ஒரு சின்ன டப்பா. பிறகு ஒரு சட்டம் சொல்லுவாள். அது அவளே போட்ட சட்டம்.

"சாப்ட்டியா கேளு, ஒடம்பு எப்டி கீது கேளு, வக்கீலு இன்னா சொன்னாருன்னு சொல்லு. உள்ள எப்டி கீதுன்னு மட்டும் கேக்காத. கேட்டா அவன் சொல்லணும். சொன்னா ஒடஞ்சிடுவான். ஒடஞ்சா அங்க யாரு ஒட்ட வெக்கறது?"

வரிசையே அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. அக்கா கண்டிப்பாகக் கட்டுப்பட்டாள். ஒரு வருடமும் தன் முகத்தைச் சிரிப்பாகவே வைத்திருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது. நானாக இருந்தால் அந்த வலையைப் பிடித்துக்கொண்டு அலறியிருப்பேன்.

அவன் வீடு திரும்பிப் பல வருடங்கள் கழித்து ஒருநாள், டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளாகவே என்னிடம் கேட்டாள். "சினிமாவுல காட்டறாங்களே பாப்பா, ஒரு கம்பிக் கதவு, ஒரு பான, மொட்டத் தரையில ஒத்த ஆளு. அந்த மாதிரியா அவன் தனியா கெடந்திருப்பான்?" எனக்கும் சினிமாவுக்கு மேல் தெரியாது. தெரியவில்லையே என்றேன். "பேச்சுக்குக்கூட ஆளு இல்லாம கெடந்திருந்தான்னா…" என்று ஆரம்பித்தவள், பஸ் வந்ததும் நிறுத்திக்கொண்டாள். அவனோ சின்ன வயதிலிருந்து வாய் ஓயாமல் பேசுகிறவன். தூக்கத்திலும் பேசுவான். அவனைத் தனியாகப் போட்டிருந்தால் என்ன ஆகியிருப்பான் என்பது அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. அந்தமானுக்கு அவள் வருவதற்குக் காரணம் இதுதான். ஒரு சிறை அறையின் உள்ளே நின்று பார்க்க வேண்டும் அவளுக்கு.

கப்பல் ஏறும் அன்றைக்குத் துறைமுகக் கூட்டத்தில் அவளைத் தேடிப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. திரும்பினால் ஆள் என் பக்கத்தில் நிற்கிறாள்.

"போன எங்கக்கா?"

"வூட்ல வெச்சிட்டேன். ஜெயிலுக்குப் போறோமே. வெளிய கடையில குடுத்துட்டுப் போனா தொலஞ்சிடும்."

"அது மியூசியம்கா! போன் எடுத்துகினு போவலாம். எல்லாரும் போட்டோ புடிக்கத்தான் போறாங்க!"

"எவன் வுடுவான், ஜெயிலுக்குள்ள?" என்றாள். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. இரண்டு வாரத்துக்குப் போன் இல்லாமல் ஒரு பெண்பிள்ளை கடல் தாண்டிப் போகிறாளே என்று கத்தினேன். அவள் என் முன்னால் இரண்டு துணிப்பைகளை வைத்தாள். ஒன்றில் துணி. இன்னொன்றை நான் திறந்து பார்க்கவில்லை.

கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் இருவரும் மேல்தளத்தில் நின்றோம். ராயபுரத்தையும் காசிமேட்டையும் கடல் பக்கமிருந்து நாங்கள் பார்த்ததே இல்லை. கிரேன்கள், கன்டெய்னர் அடுக்குகள், வரிசையாக மீன்பிடி போட்டுகள், வடக்கே தூரத்தில் எண்ணூர் புகைபோக்கிகள். கரையிலிருந்து பார்த்தால் கரியும் மீன் வாடையும்தான் தெரியும் இடம் அது. சாயங்கால வெயிலில் அத்தனையும் தங்கமாக இருந்தது. "நம்ம பேட்டையா இது?" என்று அக்கா வாயைப் பிளந்தாள். அதன் பிறகு மூன்று நாளும் நான் படுக்கையில் கிடந்து வாந்தி எடுத்தேன். கப்பலே தெரியாத அவள் சமையல் கட்டு வரைக்கும் போய்ப் பழகி, எனக்கு எலுமிச்சம்பழமும் ஊறுகாயும் வாங்கி வந்தாள்.

போர்ட் பிளேரில் இறங்கிய மறுநாள் காலையில் ஜெயிலுக்குப் போனோம். லாட்ஜில் தலை வாரும்போதே கவனித்தேன். கொண்டை ஊசி இல்லை. புடவையில் பின் இல்லை. வெறும் முடிச்சுக் கொண்டை. கையில் அந்த இரண்டாவது துணிப்பை. ஆதார் கார்டை ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

டிக்கெட் கவுன்டரில் கூட்டம். வடநாட்டுக் குடும்பங்கள், தேனிலவு ஜோடிகள், தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள். அக்கா ஆதார் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். நான் இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு நகர்ந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவ்ளோதானா? யாரப் பாக்கணும், இன்னா ஒறவுன்னு ஒண்ணும் கேக்கல?"

"யாரும் இல்லக்கா உள்ள."

"தெரியும்டி. அதுக்காக ஒரு வார்த்த கேக்க மாட்டானா?" என்று முனகிக்கொண்டே வந்தாள்.

வாசலில் பைகளைச் சோதித்தார்கள். காக்கிச் சட்டை போட்ட காவலாளி அக்காவின் துணிப்பையைத் திறந்தார். பிஸ்கட் பாக்கெட், பன், அங்கேயே காலையில் வாங்கிய வாழைப்பழம். அவர் முதலில் இந்தியில் ஏதோ கேட்டார். நாங்கள் முழிப்பதைப் பார்த்து, "தமிழா?" என்றார். அங்கே தமிழர்கள் நிறைய. "இவ்வளவும் யாருக்கும்மா? உள்ளே சாப்பிடக் கூடாதே" என்றார்.

"எங்களுக்கில்ல சார்" என்றாள் அக்கா. "உள்ள கீறவங்களுக்கு."

அவர் சிரித்தார். "இது மியூசியம்மா. உள்ளே யாரும் இல்ல. எல்லாரும் போய் ரொம்பக் காலம் ஆச்சு."

"தெரியும் சார். அதெல்லாம் பாப்பா சொல்லிச்சு" என்றாள் அவள். "ஜெயிலுக்கு வெறுங்கையோட போய் எனக்குப் பழக்கமில்ல."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவை ஒருமுறை பார்த்தார். ஊசி இல்லாத கொண்டையைப் பார்த்தாரோ என்னவோ. பிறகு பையை மெதுவாக மூடி, தன் மேஜைக்கு அடியில் பத்திரமாக வைத்தார். "போய்ட்டு வாங்கம்மா. வரும்போது வாங்கிக்கலாம்" என்றார். அந்த மனிதருக்குப் பிள்ளை குட்டி நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் வாழ்த்தினேன்.

உள்ளே நுழைந்ததும் நான் அசந்து நின்றேன் என்பதை மறைக்கப் போவதில்லை. நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து நீள நீளமாகப் புறப்படும் மூன்று மாடிக் கட்டடங்கள். முன்பு ஏழு இருந்தனவாம், இப்போது மூன்று. ஒரே அளவில் கதவுகள், ஒரே அளவில் வளைவுகள், அதற்கு அந்தப் பக்கம் நீலக் கடல். செங்கல் பர்மாவிலிருந்து வந்ததாம். எத்தனை கப்பல், எத்தனை லோடு என்று என் ஆபீஸ் புத்தி கணக்குப் போட ஆரம்பித்தது. கட்டியவர்களே கைதிகள் என்று எங்களுக்கு வழிகாட்டிய இளைஞர் இந்தியும் தமிழும் கலந்து சொன்னார். இத்தனை நேர்த்தியாகத் தங்களுக்கே சிறை கட்டிக்கொண்ட கைகளை நினைத்தால் கும்பிடத் தோன்றியது.

முற்றத்தில் பெரிய அரசமரம். செக்கில் மனிதனைப் பூட்டி எண்ணெய் ஆட்டுவது போல ஒரு பொம்மை வைத்திருந்தார்கள். அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆட்டுக்கல்லும் கிரைண்டரும் அவளுக்குக் கைவந்த பொருள். மாடு இழுக்கும் செக்கை ஆள் இழுத்தால் தோள் எப்படி ஆகும் என்று தன் தோளைப் பிடித்துப் பார்த்தாள். கைதிகள் அங்கே உண்ணாவிரதம் இருந்த கதையையும் வழிகாட்டி சொன்னார். "இதுக்கு நடுவுல, சாப்பாடு வேணான்னு பட்டினியும் கெடந்தாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார் வழிகாட்டி. "இன்னா மனுசனுங்கப்பா" என்று தலையை ஆட்டினாள். அவள் சாதாரணமாக யாரையும் புகழ மாட்டாள். நான் மாசம் தவறாமல் சம்பளம் வாங்குவதைக்கூட இதுவரை புகழ்ந்ததில்லை.

வழிகாட்டி அடுத்துச் சொன்னதுதான் அவளைத் தாக்கியது. ஒவ்வொரு கட்டடத்தின் முகப்பும் அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்த்திருக்கும்படி கட்டியிருக்கிறார்கள். ஒரு கைதி கதவருகே நின்றால் எதிரே தெரிவது சுவர் மட்டும்தான். இன்னொரு கைதியின் முகம் தெரியாது. ஒரு அறைக்கு ஒரே ஆள். பக்கத்து அறையில் யார் என்று வருடக்கணக்கில் தெரியாமலே இருந்தவர்கள் உண்டாம்.

"ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கக் கூடாதுன்னே கட்னாங்களா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"ஆமாம்மா. தனிமைதான் தண்டனை."

மாடி ஏறினோம். நீண்ட வராந்தா, வரிசையாகக் கம்பிக் கதவுகள். தாழ்ப்பாளைப் பார்த்து நான் வியந்தேன். அது கதவிலேயே முடிவதில்லை. நீண்டு போய், சுவரில் குடைந்த ஒரு மாடத்துக்குள் போய்ச் சேருகிறது. உள்ளே இருப்பவன் எவ்வளவுதான் கையை நீட்டினாலும் பூட்டு எட்டாது. வராந்தாவில் ஆளாளுக்குச் செல்ஃபி. ஒரு ஜோடி கம்பிக்கு உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக நின்று சிரித்து போட்டோ எடுத்துக்கொண்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ அவர்களைத் தாண்டிக்கொண்டு நடந்து, கடைசியில் ஆள் இல்லாத ஒரு அறைக்குள் நுழைந்தாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். வெறும் அறை. மேலே கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு சின்ன காற்று ஜன்னல். சுவர்கள் வெள்ளை. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தாள்.

"எழுந்திருக்கா! யாராவது பாக்கப் போறாங்க!"

"இரு. அவன் எம்மாம் ஒசரம். காலு நீட்டிப் படுத்திருப்பானான்னு பாக்கறேன்."

காலை நீட்டினாள். இடம் இருந்தது. பக்கவாட்டில் கையை விரித்தாள். அதற்கும் ஓரளவு இடம் இருந்தது. பிறகு எழுந்து சுவரோரம் உட்கார்ந்தாள். "கதவ சாத்து பாப்பா" என்றாள்.

"உனக்கு பைத்தியமா?"

"சாத்து. தாப்பா போட வேணாம். சும்மா சாத்து."

அவள் குரலில் இருந்ததைக் கேட்டு நான் வாதாடவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். பின்னால் வந்தவர்கள் பார்த்தார்கள். முறைத்தேன். அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். கம்பி வழியாகப் பார்த்தால் அக்கா எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில் ஆகாயம் கொஞ்சம் இருந்தது. பிறகு கைகளைப் பார்த்துக்கொண்டாள். உள்ளே இருப்பவனுக்குப் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

திடீரென்று அவள் தோள் குலுங்கியது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மனு வரிசையில் ஒரு வருடம் ஒரு சொட்டு சிந்தாதவள், தன் கணவர் போனபோதுகூட எனக்கு ஆறுதல் சொன்னவள், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

"இதுலயாடி எம் புள்ள கெடந்தான்? இந்த செவுத்த பாத்துகினேவா? வாயி ஓயாதேடி அவனுக்கு. யாருகிட்டடி பேசியிருப்பான்?"

எனக்கு அவன் மேல் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இவளை இப்படிப் புழுங்க விட்டானே என்று இருந்தது. போனை எடுத்து வீடியோ காலில் அவனைக் கூப்பிட்டேன். டிரெய்லரின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவன் முகம் வந்தது. பின்னால் யாரோ இரும்புத் தகடு இறக்கும் சத்தம்.

"இன்னா சித்தி, மீனெல்லாம் பாத்தீங்களா?"

"மீன வுடு. உங்கம்மாவ பாரு" என்று போனை அவளிடம் கொடுத்தேன்.

"இன்னாம்மா? ஏன் அழுதுகினு கீற? எங்க கீற நீ?"

"ஜெயில்ல" என்றாள்.

அவன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு ஒரு மூச்சு இழுத்து, அவளே போட்ட சட்டத்தை அவளே உடைத்தாள்.

"நைனா, உன்ன இந்த மாதிரி ரூம்லதான் வெச்சிருந்தாங்களா?"

அந்தப் பக்கம் தகடு விழும் சத்தம் மட்டும். அவன் போனை வைத்துவிடுவான், இறங்கிப் போய்விடுவான் என்று நினைத்தேன். வைத்தானென்றால் ஊருக்குப் போய் அவன் காதைத் திருகாமல் விடுவதில்லை என்று நின்றேன்.

"காட்டு" என்றான் அவன்.

அவள் போனைத் திருப்பி அறையைக் காட்டினாள். சுவர், தரை, கதவு.

"மேல காட்டு."

ஜன்னலைக் காட்டினாள்.

"இது எத்தினி பேருக்கு?"

"ஒருத்தனுக்கு நைனா. ஒருத்தனுக்கு ஒரு ரூமு."

"யம்மா!" என்றான் அவன். அந்தக் குரலில் இருந்தது அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "எங்களுக்கு இம்மாம் எடம் ஏது? பெரிய ஹாலும்மா. வரிசையா படுத்துகினு இருப்போம். ஒருத்தன் பொரண்டா அந்த வரிசையே பொரளணும். எம் பக்கத்துல எண்ணூர்காரர் ஒருத்தர் படுத்திருப்பாரு. அவரு வுட்ட கொறட்ட இருக்குதே, நம்ம மணலி லாரிங்க தோத்துச்சு. தனியா இருக்கணும்னு ஆசப்பட்டாக்கூட முடியாதும்மா அங்க."

"தனியா இல்லியா நீ?"

"ஒரு நாளுகூட இல்ல. நா பேசறது தாங்காம, வாய மூடுறான்னு எல்லாரும் சேந்து அடிக்க வருவாங்க."

அக்கா சிரித்தாள். மூக்கு ஒழுக, கண் ஒழுக, அந்த அறை முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள். வராந்தாவில் போன பள்ளிப் பிள்ளைகள் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிரித்து முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அதே வரிசைதான்.

"அத்த ஏண்டா இத்தினி வருசமா சொல்லல? கல்லு மாதிரி இருந்தியேடா!"

"நீ கேக்கலியேம்மா."

"நா கேக்கலன்னா?"

"மனுவுல கேக்கல, சரி, அங்க எல்லாரும் கீறாங்க. வூட்டுக்கு வந்தப்பறமும் நீ கேக்கல. உனக்குத் தாங்காது போல, அதான் கேக்க மாட்றன்னு நெனச்சேன். நானா எப்டி சொல்றது?"

மனு வரிசையில் நின்ற பெண்களுக்கு அக்கா சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது, அவளுக்கும் வந்திருக்கும். மகன் உடைந்துவிடக் கூடாது என்று போட்ட சட்டத்தை, அவன் வீட்டுக்கு வந்து சோறு தின்று, வேலைக்குப் போய், லாரி ஓட்ட ஆரம்பித்த பிறகும் எடுக்க மறந்துவிட்டாள். அவள் மனதைக் காப்பாற்றுவதாக நினைத்து அவனும் வாயை மூடிக்கொண்டான். ஒரே வீட்டில், ஒரே ஃபேனுக்கு அடியில், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். நான் என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைக்கத் துடைக்க வந்தது.

அவள் தரையில் நன்றாக சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கேட்க ஆரம்பித்தாள். குளிக்கத் தண்ணி வருமா, கொசு கடிக்குமா, ஜுரம் வந்தா யாரு பாப்பாங்க, தீபாவளிக்கு இன்னா பண்ணீங்க, அந்த எண்ணூர்காரரு வெளிய வந்துட்டாரா. அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். அவனுக்குள்ளே அத்தனை நாள் அடைந்து கிடந்த பேச்சு வந்துகொண்டே இருந்தது. நடுவில் யாரோ வண்டியை நகர்த்தச் சொல்லி ஹார்ன் அடித்தார்கள். "இருடா, அம்மாகிட்ட பேசிகினு கீறேன்" என்று வெளியே தலையை நீட்டிக் கத்தினான். நான் கதவருகில் நின்று, வருகிற சுற்றுலாக்காரர்களை எல்லாம் பக்கத்து அறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கேள்விகள் தீர்ந்துபோன மாதிரி இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நைனா, ராத்திரில அழுவியா?"

அவன் முகம் திரையில் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

"எல்லா நாளும் இல்லம்மா" என்றான். "நீ வந்துட்டுப் போற அன்னிக்கு மட்டும்."

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். அந்தப் பக்கம் அவன் அம்மா, அம்மா என்று கூப்பிடுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நானும்தான்டா" என்றாள்.